அப்பாவின் மூக்கும் ஒரு பெட்ரோல் குழாயும்

சனிக்கிழமை காலை நிகழ்ச்சி முடிந்ததும் வானொலி நிலையத்திலிருந்து நேராக ரந்தாவுக்குக் கிளம்பிவிடுவேன். மாதத்தில் இரண்டு முறையாவது அம்மா கையால் சாப்பிடாவிட்டால் எனக்கு ஓடாது. சிரம்பானைத் தாண்டி ரந்தாவ் சாலையில் இறங்கினால் இரண்டு பக்கமும் செம்பனைதான். நான் தமிழ்ப்பள்ளிக்குப் போன காலத்தில் அந்த இடமெல்லாம் பால்மரமாக இருந்தது. அப்பா 31 வருடம் தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். லயத்தைவிட்டு வெளியேறிய பிறகு, தோட்டத்து எல்லையை ஒட்டிய தாமானில் ஒரு சிறிய வீடு வாங்கினோம். வீட்டின் பின்சுவருக்கு அடுத்த பத்தாவது அடியில் முதல் செம்பனை நிற்கும்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அடுப்படியில் மெதுவாகச் சொன்னார்: "அப்பா காடியில ஏறினாலே எனக்குத் தலை வலிக்குதும்மா. போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள ரெண்டு தடவை வாந்தி வர்ற மாதிரி ஆயிடுச்சு."

அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது. அதனால் இருக்கும் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் கடைக்குப் போகலாம் என்று அப்பாவின் காரில் ஏறிக் கதவைச் சாத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே பெட்ரோல் வாசம். எண்ணெய் நிலையத்தில் லேசாக அடிக்குமே, அந்த மாதிரி இல்லை. மூக்கில் குத்துகிற வாசம்.

"அப்பா, சாவியைத் திருப்பாதீங்க! பெட்ரோல் வாசம் அடிக்குது."

"என்னா வாசம்? எனக்கு ஒன்னும் தெரியலையே."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஏனென்றால் அப்பாவின் மூக்கு தோட்டத்தில் பேர் போன மூக்கு. மாஸி பெர்குசன் டிராக்டர் பட்டறைக்குள் நுழையும்போதே, "கிளட்ச் கருகுது, இறக்கு" என்பார். பேட்டரி அதிகமாகச் சூடேறினால் வாசத்திலேயே சொல்லிவிடுவார். அந்த அப்பா, பெட்ரோல் சொட்டுகிற காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.

அம்மா வாசலில் நின்றபடி சொன்னார்: "கோவிட் வந்ததிலேருந்து அவருக்கு வாசமே தெரியறதில்லை. ரசம் கருகினாக்கூடத் தெரியாது. உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

2021ஆம் ஆண்டு அப்பாவுக்குக் கோவிட் வந்தது. சளியும் காய்ச்சலும் போய்விட்டன. வாசம் மட்டும் திரும்பவில்லை. இத்தனை வருடமாக இதை என்னிடம் மறைத்திருக்கிறார். பட்டறைக்காரருக்கு மூக்கு போய்விட்டது என்று வெளியில் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அம்மாவுக்கு முதலில் வாசம் தெரிந்திருக்கிறது. ஒரே வாசத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும், அதனால் தலைவலி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அப்பாவே ஒன்றுமில்லை என்று சொல்லும்போது அம்மா என்ன செய்வார்?

எலியும் கூகையும்

காரைத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தினோம். நான் தரையில் படுத்துக் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய் ஈரமாக மின்னியது. அதன் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் குழாய் ஒட்டுப் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் திருகு கிளிப். ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னப் பல் தடங்கள்.

"எலி" என்றார் அப்பா, என் பக்கத்தில் குனிந்து.

செம்பனை இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். உதிர்ந்த பழம் அதற்கு விருந்து. அதனால்தான் தோட்டங்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். ஒரு கூகைக் குடும்பம் இரவெல்லாம் எலி பிடிக்கும், விஷ மருந்தும் குறைவாகவே தேவைப்படும். ஆனால் கூகை காருக்கு அடியில் நுழைந்து எலி பிடிக்காது. மழைக்காலத்தில் எலிக்குக் கார் ஒரு நல்ல வீடு. அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஒயரும் கடிபடும், பெட்ரோல் குழாயும் கடிபடும்.

முதல் கடி போன வருடமே விழுந்திருக்கிறது. அப்போது அப்பா முழங்கால் வலியோடு இருந்ததால், வழியில் இருந்த ஒரு பட்டறையில் காரை விட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கூலி 20 வெள்ளி. கடிபட்ட இடத்தை வெட்டிவிட்டு ரப்பர் குழாயைச் செருகியதில் தப்பில்லை என்றுதான் நானும் நினைத்தேன். அப்பா அந்தக் குழாயைத் துடைத்து, அதன்மேல் இருந்த எழுத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது கார்ப்ரேட்டர் காடிக்குப் போடுற குழாய்ம்மா."

டயரைவிட அதிக அழுத்தம்

எனக்கு விளங்கவில்லை. நான் படித்தது ஊடகத் துறை. பெட்ரோல் டாங்கியிலிருந்து இயந்திரத்துக்கு எப்படிப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று இரவு அப்பா திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். உங்களில் பலருக்கும் இது தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் புரோட்டோன் சாகா வந்தபோது அது கார்ப்ரேட்டர் கார். 1994இல் வந்த முதல் பெரோடுவா கஞ்சிலும் அப்படித்தான். அந்தக் கார்களில் பெட்ரோல் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் 3 முதல் 6 பிஎஸ்ஐ. குழாயில் பொத்தல் விழுந்தால் சொட்டும், அவ்வளவுதான். இப்போது ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷன். டாங்கிக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருக்கிறது. குழாயில் பொதுவாக 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை அழுத்தம். நம் கார் டயரில் அடிக்கும் காற்று 30 சொச்சம்தான். டயரில் இருப்பதைவிட அதிக அழுத்தத்தில் பெட்ரோல் நம் காலடிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் பனித்தூறல் மாதிரிப் பீச்சும்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கி நிற்கும். சிகரெட் பற்றவைக்கும் நெருப்போ, சூடான புகைக்குழாயோ, ஒரு சுவிட்சில் எழும் பொறியோ போதும்.

அந்தக் காருக்குள்தான் மாதம் ஒருமுறை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ரப்பரைப் பற்றி அப்பா சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பால்மரத்து ரப்பர், பெட்ரோலுக்கு ஆகவே ஆகாது. பெட்ரோல் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, கூழாகிவிடும். அதனால் பெட்ரோல் குழாய்க்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்தான் போடுகிறார்கள். கோவிட் காலத்தில் நாம் மாட்டிக்கொண்ட நீலக் கையுறையின் அதே சாதி. இன்ஜெக்‌ஷன் காருக்கான குழாயில் உள்பக்கம் இன்னும் உயர்ந்த ரகம் பூசியிருக்கும். குழாயின்மேல் 30 ஆர் 7 என்று அச்சிட்டிருந்தால் கார்ப்ரேட்டருக்கு, 30 ஆர் 9 என்று இருந்தால் இன்ஜெக்‌ஷனுக்கு. இரண்டும் பார்வைக்கு ஒரே கறுப்புக் குழாய். எங்கள் காரில் போட்டிருந்தது முதல் ரகம்.

எங்கள் வட்டாரத்துக்கு இவை இரண்டுமே அந்நியமில்லை. ரப்பரை நாங்கள் வெட்டினோம். பக்கத்திலேயே போர்ட்டிக்சனில் 1960களிலிருந்து இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. சின்ன வயதில் கடற்கரைக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது, அந்த ஆலையின் தீச்சுடரைக் காட்டினால்தான் தம்பி அழுகையை நிறுத்துவான்.

இரும்புதான் நல்லதா?

"மொத்தமா கழட்டிட்டு இரும்புக் குழாய் போடணும். அப்பதான் எலிக்குப் பல்லு உடையும்" என்றார் அப்பா.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரைத் தயாரித்தவர்கள் யோசிக்காமலா பிளாஸ்டிக் போட்டார்கள்? தேடிப் பார்த்ததில் என் பக்கமும் நியாயம் இருந்தது. அது சாதாரண பிளாஸ்டிக் இல்லை. நைலான் வகை. துருப்பிடிக்காது, எடை குறைவு, எந்த வளைவிலும் போகும், தொழிற்சாலையில் 'டக்'கென்று மாட்டிவிடலாம். எலி இல்லாத ஊரில் பல வருடம் உழைக்கும். மாறாக, சாதாரண இரும்புக் குழாய் நம் ஈரத்திலும் சேற்றிலும் துருப்பிடிக்கும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

அசல் குழாய்க்குச் சொல்லிப் பார்த்தோம். மாடல் பழையது, ஒரு மாதம் ஆகலாம் என்றார்கள். ஒரு மாதம் கழித்து வந்தாலும் எலி இங்கேயேதான் இருக்கும்.

அதற்குள் நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். "அப்பா, உங்களுக்கு வாசம் தெரியாது. இனிமே நீங்க காடி ஓட்டவும் வேணாம், காடியில கை வைக்கவும் வேணாம்."

அவர் பதில் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். 31 வருடம் ஒரு தோட்டத்து லாரி, டிராக்டர் எல்லாவற்றையும் ஓட வைத்தவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா என்னைத் திட்டவில்லை. "அவரு காடியை எடுக்கலைன்னா என்னை யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் இருப்பது கோலாலம்பூரில். தம்பி இருப்பது ஜொகூரில்.

மறுநாள் காலையில் அப்பாவே ஒரு வழி சொன்னார். தோட்டத்துப் பட்டறையில் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட அண்ணன் ஒருவர் இப்போது டவுனில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். கார் தூக்கும் மேடை, குழாய்க் கருவிகள் எல்லாம் அவரிடம் உண்டு. "அவன் கை, என் யோசனை, உன் மூக்கு. சரியா?" என்றார். அந்த வாரம் முழுக்கக் கார் அசையவில்லை. அடுத்த சனிக்கிழமை இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

குழாயின் வாய்

அப்பா தேர்ந்தெடுத்தது இரும்பு இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த குழாய். நூற்றுக்கு 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். கப்பலில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் போடுகிற உலோகம். வோல்வோ 1970களிலேயே பிரேக் குழாய்க்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம், எலியும் கடிக்காது. வெறும் செம்பு ஏன் ஆகாது என்று கேட்டேன். கார் அதிர அதிரச் செம்பு இறுகிப்போய் ஒருநாள் விரிசல் விடும் என்றார் அந்த அண்ணன். துருப்பிடிக்காத எஃகு நல்லதுதான், ஆனால் அதை வளைப்பதும் வாய் விரிப்பதும் கஷ்டம்.

முதலில் பம்பின் ஃபியூசைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டார்கள். குழாயில் மிச்சம் இருந்த பெட்ரோல் தீர்ந்து அதுவாகவே நின்றது. அழுத்தம் இறங்கிவிட்டது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார்கள். பட்டறைக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. பக்கத்தில் பவுடர் தீயணைப்பான். கைத்தொலைபேசிகளை வெளியே வைக்கச் சொன்னார் அப்பா. படம் எடுக்கலாம் என்றிருந்த எனக்கு ஏமாற்றம்தான்.

பழைய குழாயை முழுசாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தபோது, பல் தடங்களை எண்ணினேன். ஏழு இடம். ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் மாற்றியிருந்தால் மற்ற ஆறும் அப்படியே இருந்திருக்கும்.

பழைய குழாயையே மாதிரியாக வைத்து, 8 மில்லிமீட்டர் உலோகக் குழாயை வளைத்தார்கள். வளைக்கவும் கருவி உண்டு. வெறும் கையால் சட்டென்று வளைத்தால் உறிஞ்சு குழல் மாதிரி மடங்கி, பெட்ரோல் போகும் வழி அடைபடும். பின் அச்சைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் ஒரே துண்டாக நுழைக்க முடியவில்லை. நடுவில் ஓர் இணைப்பு போட்டார்கள். இந்த வேலையின் உயிர் அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

குழாயை நேராக வெட்டி, உள்ளேயும் வெளியேயும் பிசிறை நீக்கி, கருவியில் பிடித்து அதன் வாயைப் புனல் மாதிரி விரிக்க வேண்டும். 'ஃபிளேர்' என்பது அதுதான். ஒருமுறை விரித்து, மறுபடி உள்பக்கம் மடித்து இரட்டையாக்கினால் இன்னும் பலம். விரித்த வாய் இணைப்பின் கூம்பில் போய் உட்கார, நட்டு அதை இறுக்கிப் பிடிக்கும். உலோகம் உலோகத்தோடு அழுந்தி அடைபடுகிற இடம் அது. வாயில் சின்ன விரிசலோ மண்ணோ இருந்தால் கசியும். அதை டேப் சுற்றி அடைக்க முடியாது.

அண்ணன் முதல் முனையை அழகாக விரித்து முடித்தார். அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். நட்டைக் குழாயில் முதலில் கோக்க மறந்துவிட்டார் அண்ணன். வாய் விரிந்த பிறகு நட்டு உள்ளே போகாது. வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். "முப்பது வருசத்துக்கு முன்னாடியும் இதத்தான் செஞ்சே" என்றார் அப்பா. அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

எல்லா இடத்திலும் உலோகம் போடவில்லை. இயந்திரம் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். வண்டியின் உடம்பு ஆடாது. இரண்டையும் உலோகத்தால் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஓரிடம் முறியும். அதனால் முன்னாலும் பின்னாலும் ஒரு சாண் அளவுக்கு இன்ஜெக்‌ஷன் ரகக் குழாய். அதன்மேல் பெட்ரோல் குழாய்க்கென்றே வரும் கிளிப். திருகு கிளிப்பின் பல் குழாயை அறுத்துவிடும், இந்தக் கிளிப்பின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். குழாய் நழுவாமல் இருக்க, உலோக முனையில் ஒரு சிறிய புடைப்பும் எடுத்தார்கள். புகைக்குழாய்க்குத் தள்ளி, ஒன்றரை அடிக்கும் குறைவான இடைவெளியில் ரப்பர் வைத்த பிடிகள்.

கடைசி வேலை என்னுடையது. சாவியை முழுசாகத் திருப்பி இயந்திரத்தை ஓட வைக்காமல், பாதி திருப்பிப் பம்பை மட்டும் இரண்டு விநாடி ஓடவிட்டார்கள். இப்படி நாலைந்து தடவை. குழாயில் முழு அழுத்தம் ஏறியது. நான் வெள்ளை டிஷ்யூவை ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றி, முகர்ந்து பார்த்தேன். ஈரமும் இல்லை, வாசமும் இல்லை. இயந்திரம் கால் மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி பார்த்தேன்.

"என்னா?" என்றார் அப்பா.

"ஒன்னும் இல்லப்பா."

"நல்லாப் பாத்தியா?" என்று மூன்று தடவை கேட்டார். மற்றவர் மூக்கை நம்புவது அவருக்கு அன்றுதான் முதல் தடவை. கூலியும் சாமானும் சேர்த்து 380 வெள்ளி ஆனது.

உங்கள் காரில் வாசம் வந்தால்

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு முற்றத்தில் குழாய் வளைக்க உட்கார வேண்டாம். இது கருவியும் பழக்கமும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. எலித் தொல்லை இல்லாதவர்கள், அசல் குழாய் கிடைக்கிறவர்கள் அதையே மாற்றிக்கொள்வது நல்லது. நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு வருடாந்தரக் கட்டாயப் பரிசோதனை கிடையாது. அதனால் காருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று நாமாகப் பார்த்தால்தான் உண்டு.

எண்ணெய் ஊற்றாத நேரத்தில் காருக்குள் பெட்ரோல் வாசம் வந்தால் "பிறகு பார்க்கலாம்" என்று ஓட்டாதீர்கள். நிறுத்தி, அணைத்து, எல்லாரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் மூடியைத் திறக்காமல் 999 அழையுங்கள். பட்டறையில் விட்டால், "என்ன குழாய் போட்டீர்கள், இன்ஜெக்‌ஷன் ரகமா?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய குழாயையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வாசம் தெரிகிறதா? வயதானாலும் குறையும், கோவிட்டுக்குப் பிறகும் பலருக்குக் குறைந்திருக்கிறது. சமையல் கேசுக்கு இயற்கையில் வாசமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். முகர முடியாதவருக்கு அதனால் என்ன பயன்? எங்கள் வீட்டுக்கு ஒரு கேஸ் கசிவு அலாரம் வாங்கி மாட்டினேன். அப்பாவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் கூட்டிப்போனேன். எலுமிச்சை, கிராம்பு என்று சிலவற்றைத் தினமும் இரண்டு வேளை முகர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார். இன்னும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் காலையிலும் மாலையிலும் கிராம்பு டப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று தினமும் கேட்கிறேன். வீட்டுக்குப் போனால் அப்பாவிடமும் அதையேதான் கேட்பேன். "நல்லா இருக்கேன்லா" என்பார். அந்தப் பதிலோடு நானும் விட்டுவிடுவேன். அவருக்கு ரசத்தின் வாசம் தெரியவில்லை என்பது தெரிய எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அப்பா காரின் முன்மூடியைத் திறந்து நிற்பார். அம்மா குனிந்து முகர்ந்து பார்ப்பார். பின்பக்கமும் போய் ஒரு தடவை. அம்மா "ம்" என்றால்தான் அந்த மாதம் கார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்.